குரங்கைக் கண்டு கூசுகிறவர்களுக்கு

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் பேரருவிக்குப் போகும் வழியெல்லாம் பழக்கடை. பழக்கடை இருக்கும் இடமெல்லாம் குரங்கு. குரங்கு இருக்கும் இடத்தில் ஒரு பேச்சும் தவறாமல் வந்து சேரும். குளித்து முடித்துத் தலை துவட்டிக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவர், ஒரு பிள்ளையின் கையிலிருந்து பழப்பையைப் பறித்துக்கொண்டு சுவரேறும் குரங்கைக் காட்டி, "இதுலேர்ந்துதான் நாம வந்தோம்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்காங்க தம்பி, கேக்கவே கூச்சமா இருக்கு" என்பார். "அப்போ இது மட்டும் ஏன் அண்ணாச்சி இன்னும் மனுசனாகாம கெடக்கு?" என்று தம்பி எடுத்துக்கொடுப்பார். சிரிப்பு எழும். டார்வின் தோற்றுப்போவார்.

இதே பேச்சு மேடையேறும்போது குரல் மாறும். அறிவியல் மனிதனை விலங்காகவும் வேதிப்பொருளாகவும் குறுக்கிவிட்டதாம். 'எங்கிருந்து வந்தோம்' என்ற கேள்வியில் இருந்த வியப்பை உறிஞ்சிவிட்டுச் சக்கையைக் கொடுத்திருக்கிறதாம். வியப்பு வேண்டுமானால் புராணத்துக்குத்தான் திரும்ப வேண்டுமாம். குழந்தைக்குச் சொல்லத் தக்க கதை எது, மரத்திலிருந்து இறங்கிய குரங்கின் கதையா, சாய்ந்த பூமியைச் சமன்செய்யத் தெற்கே நடந்துவந்த அகத்தியர் கதையா என்று பேச்சாளர் கேட்பார். பொதிகை அடிவாரத்தில் நின்று இப்படிக் கேட்டால் கைத்தட்டல் எந்தப் பக்கம் விழும் என்பது தெரிந்ததே.

அகத்தியர் கதையை நான் பழிக்கப் போவதில்லை. அது நல்ல கதை. என் வழக்கு வேறு. அறிவியல் சொல்லும் பிறப்புக் கதையில் வியப்பில்லை என்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் கதையைக் கேட்டவர்களே அல்லர்; அதன் தலைப்பை மட்டும், அதையும் தப்பாக, கேட்டவர்கள்.

தப்பு குரங்கிலேயே தொடங்குகிறது. நம் ஊர் நாட்டுக் குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று எந்த உயிரியலாளரும் சொல்லவில்லை. அதற்கும் நமக்கும் பொதுவான மூதாதை சுமார் 2.5 கோடி முதல் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அதன் ஒரு கிளையில் இன்றைய குரங்குகள். இன்னொரு கிளையில் வாலில்லாக் குரங்கினங்கள், அந்தக் கிளையின் ஒரு கொப்பில் நாம். "இது ஏன் இன்னும் குரங்காகவே இருக்கிறது?" என்று கேட்பது, "சித்தப்பா மகன் உயிரோடு இருக்கும்போது நான் எப்படித் தாத்தாவுக்குப் பேரனானேன்?" என்று கேட்பதற்குச் சமம்.

அந்தப் பழப்பைக்குள் என்ன இருந்தது என்று பார்த்தால் கதை சூடுபிடிக்கும். ரம்புட்டான் என்று வைத்துக்கொள்வோம். மலாய் நாட்டுப் பக்கமிருந்து வந்து குற்றாலத்து ஈரத்தில் வேர்பிடித்த பழம். பச்சை இலைகளுக்கு நடுவே அதன் சிவப்பு நமக்குப் பளிச்சென்று தெரிகிறது. குரங்குக்கும் அப்படியே தெரிகிறது. கடைவாசலில் படுத்திருக்கும் நாய்க்குத் தெரியாது. அதன் கண்ணில் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒன்றுதான். பெரும்பாலான பாலூட்டிகளுக்கு நிறம் பிரிக்கும் செல்கள் இரண்டே வகை. ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளுக்கும் நமக்கும் பொதுவான மூதாதையில், எக்ஸ் குரோமோசோமில் இருந்த ஒரு மரபணு நகலாகும்போது இரட்டித்துப்போனது. இரண்டு நகல்களும் காலப்போக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வேறுபட, மூன்றாவது வகைச் செல் கிடைத்தது. சிவப்பு பச்சையிலிருந்து பிரிந்தது. கனிந்த பழத்தையும் இளந்தளிரையும் எட்டத்திலிருந்தே கண்டுபிடிக்கத் தெரிந்தவை பிழைத்தன. குற்றாலநாதர் சன்னதியில் வாங்கி நெற்றியில் வைத்துக்கொள்ளும் குங்குமம் சிவப்பாகத் தெரிவதற்கும் காரணம் அந்த நகல்பிழைதான். காட்டில் பழம் தேடிய கண்ணால்தான் நாம் கோயிலையும் பார்க்கிறோம்.

பழம் நமக்கு வெறும் நாக்கு ருசியும் இல்லை. ஆடு, மாடு, நாய் எல்லாம் வைட்டமின் சியைத் தம் உடலிலேயே தயாரித்துக்கொள்கின்றன. நம்மால் முடியாது, பழமோ காயோ தின்றாக வேண்டும், இல்லையென்றால் பழைய கப்பல்காரர்களைப் போல ஈறு அழுகிச் சாக வேண்டும். அதைத் தயாரிக்கும் மரபணு நம்மிடம் இல்லாமலில்லை. இருக்கிறது, உடைந்து கிடக்கிறது. சுவரேறிய குரங்கிடமும் அதே மரபணு உடைந்து கிடக்கிறது. உடைந்த விதமும் ஒத்துப்போகிறது. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் பழம் நிறைந்த காட்டில் வாழ்ந்த ஏதோ ஒரு பொது மூதாதையிடம் அது பழுதானது. பழம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் பழுது தெரியவில்லை. வழிவழியாக நமக்கு வந்து சேர்ந்துவிட்டது. மனிதனைத் தனியாக, சிறப்பாக ஒருவர் வனைந்தார் என்றால், வேலைக்கு ஆகாத ஒரு கருவியை உள்ளே வைத்து, அதையும் குரங்கிடம் உடைந்திருக்கும் அதே இடங்களில் உடைத்து வைக்க அவருக்கு என்ன தலையெழுத்து?

பிள்ளையிடம் பழத்தைப் பிடுங்கியது குரங்கின் திருட்டு. பிள்ளைக்கும் அதற்கும் அந்தப் பழம் தேவைப்படுவது ஒரே குடும்ப வரலாறு. இதைக் கேட்டுக் கூச்சம் வருகிறதென்றால், கூச்சத்தின் காரணத்தை வேறெங்கோ தேட வேண்டும். திரிகூடராசப்பக் கவிராயருக்கு அந்தக் கூச்சம் இருக்கவில்லை. குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி தன் மலையின் பெருமையைச் சொல்லத் தொடங்கும்போது முதலில் கொண்டுவந்து நிறுத்துவது குரங்குகளின் காதல் வாழ்க்கையைத்தான். தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டு மனப்பாடம். பாட்டில் வரும் குரங்கு அழகு, பாடப்புத்தகத்தில் வரும் குரங்கு அவமானம் என்பது என்ன நியாயமோ.

இனி அகத்தியருக்கு வருவோம். கயிலையில் சிவனுக்குக் கல்யாணம். உலகமே வடக்கே கூடிவிட்டதால் வடபுலம் தாழ்ந்து தென்புலம் உயர்ந்தது. சமன்செய்யக் குறுமுனி தெற்கே அனுப்பப்பட்டார், பொதிகைக்கு வந்தார். நிலம் அசையும், வடக்கும் தெற்கும் ஒன்றையொன்று பாதிக்கும் என்ற கற்பனை அதில் இருக்கிறது. கற்பனை என்ற அளவில் சபாஷ் போடலாம்.

நடந்தது என்ன? பேரருவி விழும் பாறையைக் கையால் தொட்டுப் பாருங்கள். இந்த மலைத்தொடரின் நைஸ் பாறைகளும் சார்னோக்கைட் பாறைகளும் இப்போதிருக்கும் உருவை அடைந்தது பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் ஒன்றோடொன்று மோதிக் கோண்டுவானா என்ற பெருநிலம் கூடியபோது. அப்போது நிலத்தில் ஒரு மிருகம் கிடையாது, ஒரு மரம் கிடையாது. இதே வயதுப் பாறைகள் மடகாஸ்கரின் தென்பகுதியிலும் இருக்கின்றன. இருக்காமல் எப்படிப் போகும்? இரண்டும் ஒட்டியிருந்த நிலம். சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் ஒருபக்கமாக விலக, நம் நிலம் பிய்த்துக்கொண்டு வடக்கே கிளம்பியது. ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேல் நகர்ந்தது. கண்டங்களின் கணக்கில் அது ஓட்டம். ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் போய் முட்டியது. முட்டிய இடத்தில் கடலடி மேலேறியது. எவரெஸ்டின் உச்சிப் பாறையில் கடலுயிர்களின் படிமங்கள் இருப்பது அதனால்தான்.

கயிலை மலை இன்னும் சின்னப் பிள்ளை. அதன் பாறை சுமார் 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் உருட்டிக் கொண்டுவந்து போட்ட கூழாங்கற்களும் மணலும் இறுகிப்போன பாறை. குற்றாலத்துப் பாறைக்கு அதைப்போல இருபது மடங்கு வயது. வடக்கு உயர்ந்ததே தெற்கிலிருந்து போன நிலம் இடித்ததால்தான். புராணத்தில் வடக்கிலிருந்து ஒருவர் வந்து தெற்கை ஒழுங்குபடுத்துகிறார். பாறைகளின் கணக்கில் தெற்கு போய் வடக்கைக் கட்டியெழுப்பியிருக்கிறது. இந்த இரண்டில் எது குறுகல், எது விரிவு என்று மேடையில் கேட்டவரே சொல்லட்டும். முனிவர் கதையை ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். அடுத்ததைச் சொல்ல ஓர் இரவு போதாது.

இந்த இடத்தில் வேறொரு கூட்டத்தார் எழுந்து நிற்பார்கள். இவர்களுக்குப் புராணம் வேண்டாம், குமரிக்கண்டம் வேண்டும். மனித இனமே கடல்கொண்ட தென்னிலத்தில் தோன்றியது, தோன்றியவன் தமிழன், அந்த நிலமே லெமூரியா என்பார்கள். இதில் நகைப்புக்குரிய வரலாறு ஒன்று உண்டு. லெமூரியாவுக்குப் பெயர் வைத்தவர் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், 1864-இல். லெமூர் என்ற குட்டி விலங்கினம் மடகாஸ்கரில் குவிந்திருக்கிறது, அதன் உறவுகள் இந்தியாவில் இருக்கின்றன, நடுவில் கடல். ஆகவே இடையில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று ஊகித்தார். நல்ல ஊகம், அன்றைக்கு. பிறகு ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் ஹெக்கல் மனிதனே அங்குதான் தோன்றியிருக்கலாம் என்று வரைபடம் போட்டார். ஹெக்கல், டார்வினுக்காக ஊர் ஊராக வாதாடியவர். ஆக, நம்மவர்கள் பழந்தமிழ் மரபு என்று தூக்கிப் பிடிப்பதில் பாதி, பரிணாமவாதி ஒருவரின் காலாவதியான கருதுகோள். பரிணாமம் பொய், லெமூரியா மெய் என்று ஒரே மூச்சில் சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

1912-இல் ஆல்ஃபிரட் வெகனர் கண்டங்கள் நகர்வதாகச் சொன்னார்; 1960-களில் அது நிலைநிறுத்தப்பட்டது. நிலம் மூழ்கத் தேவையில்லை, நிலமே பயணம் போயிருக்கிறது என்றானதும் லெமூரியாவுக்கு வேலை போயிற்று. ஆனால் ஸ்கிளேட்டரின் கேள்வி சாகவில்லை. இன்னும் அழகான பதில்களைப் பெற்றுக்கொண்டேயிருக்கிறது. 2003-இல் கேரளத்து மலைகளில் ஒரு தவளையை விவரித்தார்கள். ஊதா நிறம், பன்றி மூக்கு, ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் வாசம். அன்று தெரிந்திருந்தவரை அதன் மிக நெருங்கிய உறவுகள் இந்தியாவில் எங்கும் இல்லை. கடலுக்கு அப்பால் செஷல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. இரண்டும் ஒன்றாயிருந்த நிலத்திலிருந்து பிரிந்தவை. 2017-இல் அந்தத் தவளையின் இன்னோர் இனம் மலையின் கிழக்குச் சரிவில், நமக்கு வடக்கே திருவில்லிபுத்தூர்ப் பக்கம் கண்டறியப்பட்டு, பூபதி என்ற ஆய்வாளரின் பெயரைப் பெற்றது. ஊர்வன, தவளைகளை ஆராய்ந்த சுப்பிரமணியம் பூபதி 2014-இல் அகத்தியமலையில் களப்பணியின்போது விழுந்து இறந்தவர். அகத்தியமலைக்கு உயிரைக் கொடுத்தவர்களின் பட்டியலில் சித்தர்களோடு இவரையும் சேர்க்கலாம் என்பது என் எண்ணம்.

தவளைக்கு இவ்வளவு தூரம் போவானேன், பேச்சு மனிதனைப் பற்றியல்லவா என்றால், அங்கேதான் பிரச்சினையின் வேர். மனிதனின் தொடக்கத்தைத் தவளையிலிருந்தும் பாறையிலிருந்தும் வெட்டித் தனியே வைத்தால்தான் பெருமை என்று நாம் பழகிவிட்டோம்.

புராணம் தரும் வியப்பைவிட எனக்கு அதிகம் எரிச்சல் தருவது, புராணத்தையே அறிவியலாக வேடம் கட்டி அனுப்பும் வேலை. மீன், ஆமை, பன்றி, நரசிம்மம், வாமனன் என்று தசாவதாரம் பரிணாமத்தைத்தானே சொல்கிறது, டார்வின் என்ன புதிதாகச் சொல்லிவிட்டார் என்ற வாதத்தைக் கேட்காத தமிழர் இருக்க முடியாது. 2019 ஜனவரியில் இந்திய அறிவியல் மாநாட்டிலேயே, ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நாகேஸ்வர ராவ், டார்வினைவிடத் தசாவதாரம் மேலான கோட்பாடு என்று பேசினார். அதற்கு ஓராண்டு முன்பு மத்திய இணையமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாவதை யாரும் பார்த்ததில்லை, ஆகவே டார்வின் தவறு, பாடத்திலிருந்து மாற்ற வேண்டும் என்றார். ஒருவர் அது தவறு என்கிறார், மற்றவர் அது எங்களுடையது என்கிறார். இருவரும் ஒரே மேடையில் சங்கடமில்லாமல் உட்காரலாம் என்பதே இந்த வாதங்களின் தரத்தைச் சொல்லும்.

தசாவதாரத்தில் மீனுக்கு ஆமை பிறக்கவில்லை, ஆமைக்குப் பன்றி பிறக்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே இறைவன், ஒரு காரியத்துக்காக, ஓர் உருவெடுத்து இறங்கி வருகிறான். பரிணாமத்தில் இறங்கி வருபவன் யாருமில்லை. பெற்றதும் இறந்ததும் மிஞ்சியதும்தான். ஆமை பன்றியின் மூதாதையும் இல்லை, பன்றி நம் மூதாதையும் இல்லை. அதெல்லாம் போகட்டும். இவ்வளவு நூற்றாண்டுகளாகப் பதில் கையிலிருந்ததென்றால், அதை வைத்துக்கொண்டு யாராவது ஒரு பாறையைத் தோண்டினார்களா? தொல்லுயிரியலாளர் நீல் ஷூபினின் குழு தோண்டியது. மீன் நிலத்தை நோக்கி நகர்ந்த காலம் இன்னது, ஆகவே சுமார் 37.5 கோடி ஆண்டு வயதுள்ள, ஆழமில்லாத நீரோடைகள் விட்டுப்போன பாறையில் தேட வேண்டும் என்று முன்கூட்டியே முடிவுசெய்து, கனடாவின் வடகோடியில் ஆண்டாண்டாகத் தேடி, 2004-இல் கண்டெடுத்தார்கள்: செதிலும் துடுப்பும் உள்ள மீன், ஆனால் கழுத்தைத் திருப்பும், துடுப்புக்குள் மணிக்கட்டு எலும்புகள் உண்டு. டிக்டாலிக் என்று பெயர். அருவிக்கரைக் கம்பியைப் பிடித்து நிற்கிறோமே, அந்த மணிக்கட்டின் பூர்வீகம் அது.

'எல்லாம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது' என்பவருக்கு டிக்டாலிக் வியப்புத் தராது. அவருக்கு எதுவுமே வியப்புத் தர முடியாது. எதைக் காட்டினாலும் தெரிந்ததுதான் என்பார். வியப்பைக் கொல்லும் வழிகளில் இதைவிடக் கச்சிதமானதை நான் அறியேன். இது பக்திக்கும் மரியாதை இல்லை. நரசிம்மத்தை நினைத்து உருகியவர்கள் அவனைப் பாலூட்டி வகைப்பாட்டு அட்டவணையில் ஒரு கட்டமாக நினைத்து உருகவில்லை.

2023-இல் என்.சி.இ.ஆர்.டி. தன் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்தபோது 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு நூலில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்ற பாடம் இருக்கிறது; இந்த ஒன்றில் நாம் மார்தட்டிக்கொள்ளலாம். ஆனால் அது ஐந்து மதிப்பெண் கேள்வியாகப் படிக்கப்பட்டு, தேர்வறை வாசலிலேயே உதிர்ந்துவிடுகிறது என்பதும் உண்மை. வியப்பில்லை என்ற குற்றச்சாட்டில் ஆசிரியர் சமூகத்தின் பங்கையும் மறைக்க முடியாது.

சரி, மனிதனுக்கே வருவோம். 1863 மே 30 அன்று, சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் சரளைக் குழியொன்றிலிருந்து கல் ஒன்றை எடுத்தார். மனிதக் கை செதுக்கிய கல். டார்வினின் உயிரினங்களின் தோற்றம் நூல் வெளிவந்து நான்கே ஆண்டு ஆகியிருந்தது. அந்த ஆண்டே அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகள் கிடைத்தன. பின்னாளில் சாந்தி பப்பு தலைமையில் அங்கே நடந்த அகழாய்வு, 2011-இல் அந்தக் கைக்கோடரிகளின் வயதைச் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று சொன்னது.

எப்படிச் சொல்ல முடியும் என்று சிரிப்பவர்கள், எப்படி என்பதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். விண்வெளியிலிருந்து, பெரும்பாலும் வெடித்துச் சிதறிய விண்மீன்களிலிருந்து, கதிர்கள் பூமிமேல் இடைவிடாமல் விழுகின்றன. வெயிலில் கிடக்கும் படிகக்கல்லில் அவை அலுமினியம், பெரிலியம் ஆகியவற்றின் அபூர்வ வகைகளை உண்டாக்குகின்றன. கல் மண்ணுக்குள் ஆழப் புதைந்தால் கதிர் எட்டாது. ஏற்கெனவே உண்டானவை இரண்டும் வெவ்வேறு வேகத்தில் குறைந்துகொண்டே வரும். மிச்சத்தின் விகிதத்தை அளந்தால், அந்தக் கல் வானத்தைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று தெரியும். எங்கோ செத்த விண்மீன், திருவள்ளூர் மாவட்டத்தில் யாரோ ஒருவர் கீழே போட்ட கல்லுக்கு நாள் குறித்து வைத்திருக்கிறது. இதில் வியப்பில்லையாம்.

அந்தக் கல்லைச் செதுக்கியவர் நம் இனத்தவரே இல்லை. நம் ஹோமோ சேப்பியன்ஸ் இனத்தின் மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவில் கிடைத்தவை, வயது சுமார் 3 லட்சம் ஆண்டு. அதற்கு 12 லட்சம் ஆண்டு முன்பே தமிழ்நாட்டு ஆற்றங்கரையில் ஒருவர், கையிலிருக்கும் கல்லுக்குள் இன்னும் வெளிவராத ஒரு வடிவத்தைப் பார்த்திருக்கிறார். இருபுறமும் சமமாக வருமாறு தட்டியிருக்கிறார். பேச்சு இருந்ததா, இறந்தவருக்காக அழுதாரா, ஒன்றும் தெரியாது. எலும்பு கிடைக்கவில்லை. சிவகளையில் கிடைத்த இரும்புக்கு கி.மு. 3345 என்று தொல்லியல் துறை 2025 ஜனவரியில் அறிவித்ததும் நாம் எவ்வளவு துள்ளினோம். துள்ள வேண்டியதுதான். நம் தென்காசி மாவட்டத்துத் திருமலாபுரத்தில் மலையடிவாரத்துப் புதைகுழிகளைத் திறந்து, கற்பலகை அடுக்கிய அறைக்குள் தாழிகளைப் பார்த்தபோதும் துள்ளினோம். அத்திரம்பாக்கத்தின் காலத்தை ஒரு நாளாக மடக்கினால், சிவகளை இரும்பு நள்ளிரவுக்கு ஐந்தாறு நிமிடம் முன்னால் வருகிறது. மீதி நாள் முழுதும் யாருடையது? மூத்தகுடிப் பெருமை பேசுவோர் அந்த நாளை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, ஏனென்றால் அதில் தமிழர் இல்லை, இந்தியர் இல்லை, அதன் பெரும்பகுதியில் நம் இனத்தவரே இல்லை.

நம் இனம் இந்தியாவுக்கு வந்த வழியிலும் இந்தப் பெருமை குறுக்கே விழுந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன் அமெரிக்கரான ஸ்பென்சர் வெல்ஸுடன் செய்த ஆய்வில், மதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எம்130 என்ற மரபணு அடையாளம் கிடைத்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரை ஓரமாக ஆஸ்திரேலியா வரை போன பழைய பயணத்தின் தடம் அது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடம் பரவலாக உண்டு. செய்தித்தாள்கள் அதை 'முதல் இந்தியர்' கண்டுபிடிப்பு என்று ஆக்கின. ஒரு தந்தைவழிக் கோட்டின் அடையாளம் அது, அவ்வளவே. அந்த ஆய்வு சொன்னது, நம் எல்லாருடைய வழியும் ஆப்பிரிக்காவில் போய் முடிகிறது என்பதை. போதாததற்கு, ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் எல்லாரையும்போல நம் மரபணுவிலும் 1 முதல் 2 விழுக்காடு நியாண்டர்தால் மனிதரிடமிருந்து வந்தது. கொரோனாவைக் கடுமையாக்கும் ஒரு மரபணுத் துண்டு அவர்களிடமிருந்து வந்ததென்றும், தெற்காசியாவில் ஏறக்குறையப் பாதிப்பேர் அதைச் சுமக்கிறார்கள் என்றும் 2020-இல் மரபியலாளர்கள் சீபெர்க்கும் பேபோவும் காட்டினார்கள். அற்றுப்போன ஓர் இனம், நம் ஊர் ஆஸ்பத்திரிக் கட்டில்வரை கூட வந்திருக்கிறது.

மேடைப் பேச்சாளர்கள் தொடாத பக்கம் ஒன்று உண்டு. தோற்றக் கதைகள் வியப்பை மட்டும் தருவதில்லை, வரிசையையும் தருகின்றன. ஒருவன் முகத்திலிருந்தும் ஒருவன் பாதத்திலிருந்தும் பிறந்தான் என்பதும் மனிதத் தோற்றக் கதைதான். நம் பக்கத்தில் சாதிக்கொரு புராணம் உண்டு. ஒவ்வொன்றிலும் தன் மூதாதை தெய்வத்தின் வேர்வையிலோ வேள்வியிலோ வந்தவர், பக்கத்துத் தெருக்காரர் வேறெங்கிருந்தோ வந்தவர். ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவனத்தின் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோர் 2009-இலும் 2013-இலும் வெளியிட்ட ஆய்வுகள், இந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் அநேகமாக எல்லாமே கலப்பினால் ஆனவை என்றும், அந்தக் கலப்பு சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை தாராளமாக நடந்தது என்றும், பிறகே அகமணக் கதவு அடைக்கப்பட்டது என்றும் காட்டுகின்றன. அதாவது தனித்தனிப் பிறப்பு என்ற கதை, கதவை அடைத்தவர்களுக்குப் பயன்பட்ட கதை. பொதுவுடைமையாளர் சிங்காரவேலர் 1930-களில் குடி அரசிலும் தம் புது உலகம் இதழிலும் தமிழில் அறிவியல் எழுதப் புறப்பட்டதற்கு இந்தப் பக்கமும் காரணம். பாதத்திலிருந்து பிறந்தவனாக இருப்பதைவிடக் குரங்கின் பங்காளியாக இருப்பதில் என்ன கேவலம் என்று ஒடுக்கப்பட்டவர் கேட்டால், பட்டிமன்ற நடுவர் என்ன தீர்ப்புச் சொல்வார்?

ஆராய்ந்தால் ரசனை போய்விடும் என்பது கடைசி அம்பு. குற்றாலத்தில் நின்று அதை எய்வது பொருந்தாது. ரசிகமணி டி.கே.சி. தம் கடைசி ஆண்டுகளை வாழ்ந்த ஊர் இது. கம்பனில் கரைந்தவர் அவர். அதே அவர்தான் கம்பன் பெயரில் வழங்கிய பாடல்களில் எவை கம்பனுடையவை அல்ல என்று துணிந்து கழித்துத் தம் பதிப்பைக் கொண்டுவந்தார். அவர் கழித்ததெல்லாம் சரியா என்று புலவர்கள் சண்டை போட்டார்கள். நானும் சில இடங்களில் அவர்கள் பக்கம். ஆனால் ரசனைக்கும் சலித்தெடுப்பதற்கும் பகை என்று அவரைக் காட்டி யாரும் சொல்ல முடியாது. பிடித்ததினால்தான் சலித்தார்.

அறிவியல் நாளைக்கு மாறிவிடுமே, அதை எப்படி நம்பிப் பிள்ளைக்குச் சொல்வது என்பவர்களும் உண்டு. மாறும். மொராக்கோ எலும்புகளின் வயது 2017-இல் அறிவிக்கப்படும்வரை நம் இனத்துக்குச் சுமார் 2 லட்சம் ஆண்டு என்றுதான் பாடம் நடந்தது. அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரியைச் செய்தவரின் எலும்பு நாளைக்கே எங்காவது கிடைத்து, மேலே நான் எழுதியதில் பாதியைத் திருத்த வைக்கலாம். அதைத் தோண்டியெடுப்பவர் செங்கோட்டைப் பள்ளியொன்றில் இப்போது அந்த ஐந்து மதிப்பெண் பாடத்தைப் படித்துக்கொண்டிருக்கலாம். அவருடைய ஆசிரியருக்கு என் வேண்டுகோள் ஒன்றே: அந்தப் பாடத்தை வகுப்பறையில் நடத்தாதீர்கள். சீசன் முடிந்து கூட்டம் வடிந்த ஒரு நாளில் பிள்ளைகளைப் பழைய குற்றாலத்துக்குக் கூட்டிப்போங்கள். ஆளுக்கொரு பழம் கையில் கொடுங்கள். குரங்குக்கும் கொஞ்சம் எடுத்துவையுங்கள்.